சிவப்புப் பெயின்டுக்கு அடியில்: ஒரு பழைய டிராக் சைக்கிளின் வயதைத் தேடி

வேலை விஷயமாக இரண்டு வருடம் லண்டனில் இருந்தேன். தெற்கு லண்டன், டூட்டிங் பக்கம் வாடகை வீடு. பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். நான் பழைய நாணயம், பழைய கல்வெட்டு, பழைய மெஷின் என்று எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பவன் என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஷெட்ல எங்க அப்பாவோட சைக்கிள் இருக்கு. அது எந்த வருஷத்துதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

போய்ப் பார்த்தேன். பளபளக்கும் தக்காளிச் சிவப்பு. குறுக்குக் குழாயில் வெள்ளை எழுத்தில் கிளாட் பட்லர் என்று பெயர். பிரேக் இல்லை, கியர் இல்லை, மட்கார்டு இல்லை. பழைய சைக்கிள் வாங்குபவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "1948 கிளாட் பட்லர்னா நல்ல விலை தரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அந்த அம்மாவுக்கு விலை முக்கியமில்லை. சைக்கிள் பேரனுக்குத்தான் போகப்போகிறது. அவர் கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ இருந்தது. ஹெர்ன் ஹில் மைதானத்தில் ஒல்லியான ஓர் இளைஞர், பக்கத்தில் ஒரு சைக்கிள். பின்பக்கம் பென்சிலில் 1948.

"ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம் அதே டிராக்குல இந்த சைக்கிளைத்தான் ஓட்டினேன்னு அப்பா சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. அம்மா மட்டும், அது வேற சைக்கிள்னு சிரிப்பாங்க. யார் சொன்னது சரின்னு தெரிஞ்சா போதும்."

அப்பா பக்கமா, அம்மா பக்கமா என்று ஒரு சைக்கிளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான்கு வார இறுதிகள் அதில் போயின. அப்போது எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஹெர்ன் ஹில், 1948

முதலில் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹெர்ன் ஹில் சைக்கிள் பந்தயத் தடம் 1891-இல் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே சைக்கிள் ஓடுகிறது. போர் முடிந்து மூன்று வருடம்கூட முழுசாக ஆகாத நிலையில், 1948 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்ஸின் டிராக் சைக்கிள் போட்டிகள் இங்கேதான் நடந்தன. மைதானத்தில் விளக்கு வசதி கிடையாது. இருவர் ஓட்டும் டாண்டம் இறுதிப்போட்டி கிட்டத்தட்ட இருட்டிலேயே முடிந்தது. பிரிட்டனின் பெரிய நட்சத்திரமான ரெக் ஹாரிஸ் அந்த ஒலிம்பிக்ஸில் இரண்டு வெள்ளி வாங்கினார். ஒன்று தனி ஸ்பிரின்ட், இன்னொன்று டாண்டம். இரண்டிலும் தங்கம் இத்தாலிக்குப் போனது.

ஒலிம்பிக்ஸ் ஐந்தாறு நாள் விஷயம். மற்ற நாட்களில் அந்தத் தடம் தெற்கு லண்டன் கிளப் பையன்களுடையது. தொழிற்சாலையிலும் ஆபீஸிலும் வேலை பார்த்துவிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு நல்ல ஃப்ரேம் வாங்கி, சாயங்காலமும் சனிக்கிழமையும் வந்து ஓட்டியவர்கள். பலர் அந்த டிராக் சைக்கிளிலேயே வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். சாலைக்காக முன்பக்கம் ஒரு பிரேக்கைக் கிளிப் போட்டு மாட்டுவார்கள், மைதானத்தில் கழற்றிவிடுவார்கள். அந்த அம்மாவின் அப்பாவும் அப்படிப்பட்ட ஒருவர்.

இது டிராக் சைக்கிள்தானா?

ரோட்டு சைக்கிளை அறுத்து, ராவி, டிராக் சைக்கிள் மாதிரி ஆக்குவது உண்டு. அதனால் இதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

டிராக் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பின்சக்கர அச்சு உட்காரும் காடி நேராகப் பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க அதுதான் வசதி. ஃபோர்க்கில் பிரேக்குக்கான துளை இருக்காது. கேபிள் போக வளையம் இருக்காது. ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ரோட்டு சைக்கிளில் முட்டை வடிவக் குழாயாக இருக்கும். பழைய பிரிட்டிஷ் டிராக் ஃபோர்க்கில் பெரும்பாலும் உருண்டைக் குழாய். சரிவான தளத்தில் பெடல் இடிக்காமல் இருக்க, கிராங்க் உட்காரும் பாட்டம் பிராக்கெட் சற்று உயரமாக இருக்கும்.

இவை எல்லாமே பொருந்தின. மூடப்பட்ட துளையோ அறுத்துத் தேய்த்த வளையமோ எங்கும் இல்லை. பிறக்கும்போதே டிராக் சைக்கிள்தான்.

எழுத்தை நம்பக் கூடாது

அடுத்தது அந்த வெள்ளை எழுத்து. கிளாட் பட்லர் 1928-இல் தெற்கு லண்டனில் கடை தொடங்கி, பிரிட்டனின் புகழ்பெற்ற லைட்வெயிட் சைக்கிள் தயாரிப்பாளர்களில் ஒருவராக வளர்ந்தவர். 1950-களில் அவருடைய நிறுவனம் நொடித்துப்போக, ஹோல்ட்ஸ்வர்த் நிறுவனம் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. ஆகவே இந்தப் பெயர் சைக்கிளில் இருந்தாலே அது அவர் பட்டறையில் பிறந்தது என்று சொல்ல முடியாது. இன்னொரு விஷயம், அந்த எழுத்து பெயின்டுக்கு மேலே ஒட்டுகிற ஒரு டிரான்ஸ்ஃபர். மறுபடி பெயின்ட் அடிப்பவர் எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அந்த சைக்கிளைச் செய்தவர் இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்னாகோ. அதன்மேல் எழுதியிருந்த பெயரோ வின்ட்ஸர், ஒரு மெக்சிகோ பிராண்ட். எழுத்தை மட்டும் வைத்து எழுதினால் வரலாறே மாறிவிடும்.

சிவப்புப் பெயின்டைப் பற்றி அந்த அம்மாவுக்கே தெரிந்திருந்தது. அவர் பள்ளி முடித்த பிறகு அப்பா ஒரு கடையில் கொடுத்து அடித்ததாம். ஆக, அந்த எழுத்து அதிகபட்சம் அந்தப் பெயின்டின் வயதைத்தான் சொல்லும்.

கழற்ற முடிந்தது, கழற்ற முடியாதது

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, வயது தெரிந்த இத்தாலியப் பானை ஓடுகளை வைத்து மண்ணடுக்குகளின் காலத்தைக் கணித்தார். அதன் பின்னால் இருக்கும் விதி எளிமையானது. ஓர் அடுக்கு, அதற்குள் கிடக்கும் பொருட்களில் எது கடைசியாகச் செய்யப்பட்டதோ அதைவிட முந்தையதாக இருக்க முடியாது.

சைக்கிளுக்கும் இதே விதிதான், ஒரே ஒரு திருத்தத்தோடு. சைக்கிளில் முக்கால்வாசி ஸ்பேனர் வைத்துக் கழற்றக்கூடியது. சக்கரம், கிராங்க், ஹேண்டில்பார், சீட் எல்லாமே ஐம்பது வருடத்தில் நான்கு முறை மாறியிருக்கலாம். அவை தங்கள் வயதைத்தான் சொல்லும், சைக்கிளின் வயதை அல்ல. நெருப்பு வைத்துப் பற்றவைத்த பாகங்கள் மட்டும்தான் உண்மையான சாட்சி. குழாய்கள், அவற்றை இணைக்கும் லக் என்ற உறைகள், பின்னச்சுக் காடிகள் எல்லாம் இந்த வகை.

உதாரணத்துக்கு, இதில் இருந்தது காட்டர் பின் போட்ட வில்லியம்ஸ் கிராங்க். வில்லியம்ஸ் நிறுவனம் கிராங்கின் பின்பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தை அச்சடித்துவிடும். இதில் இருந்த குறி 1950-களின் பிற்பகுதியைக் காட்டியது. போட்டோவில் இருந்த செயின் வீலிலோ பற்கள் தள்ளித் தள்ளி இருந்தன. அது ஒரு அங்குலச் செயினுக்கானது. அந்தக் கால டிராக் ஓட்டிகள் பலர் விரும்பியது அதைத்தான். ஷெட்டில் இருந்த சைக்கிளில் நாம் எல்லோரும் அறிந்த அரை அங்குலச் செயின். "அப்போ வேற சைக்கிளா?" என்று அந்த அம்மா முகம் வாடியது. இல்லை, கிராங்கும் செயினும் மாற்றக்கூடியவை, இதை வைத்து இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

அளவுகள்

இரண்டாவது வாரம் வெர்னியர் காலிப்பரும் மரை அளக்கும் கேஜும் வாங்கினேன்.

பாட்டம் பிராக்கெட்டின் அகலம் 68 மி.மீ., மரை அங்குலத்துக்கு 24. இது பிரிட்டிஷ் அளவு. இத்தாலிய ஃப்ரேம் என்றால் அகலம் 70 மி.மீ., துளையும் பெரிது. பிரெஞ்சு என்றால் மரை 1 மி.மீ. இடைவெளியில் இருக்கும். ராலே தொழிற்சாலையின் சாதாரண சைக்கிள்களில் அங்குலத்துக்கு 26 மரை. ஆக, இத்தாலி, பிரான்ஸ், ராலேயின் பெருந்தொழிற்சாலை மூன்றும் ஒரே அளவையில் விலகிவிட்டன.

அடுத்து சீட்டைத் தாங்கும் தண்டு. அதன் விட்டம் 27.2 மி.மீ., வெளிக்குழாய் 28.6 மி.மீ. அதாவது குழாயின் சுவர் 1 மி.மீ.கூட இல்லை. இவ்வளவு மெல்லிய குழாய் மலிவு சைக்கிளில் வராது. அந்தக் கால பிரிட்டனில் இந்த அளவு என்றால் பெரும்பாலும் பர்மிங்ஹாம் ரெனால்ட்ஸ் கம்பெனியின் 531 குழாய். 1935-இல் அறிமுகமான மாங்கனீஸ்–மாலிப்டினம் எஃகு. முனையில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் குழாய்க்கு ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமை வாங்கியிருந்தது. இந்த ரெனால்ட்ஸ் பிற்பாடு டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குள் வந்தது. நம் ஊரில் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது அதே பர்மிங்ஹாம் குழுமம்தான். ஹெர்குலிஸில் பள்ளிக்கூடம் போன எனக்கு அந்த மெல்லிய குழாயைப் பிடித்தபோது தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த அளவெல்லாம் நாட்டையும் தரத்தையும்தான் சொல்கின்றன. வயதைச் சொன்னது பின்னச்சுக் காடி. டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் தின்னரும் வைத்துத் துடைத்ததும், பெயின்டுக்கு அடியில் அச்சடித்த எழுத்து மெல்லத் தெரிந்தது: காம்பாக்னோலோ. இந்த இத்தாலியக் காடிகளை பிரிட்டிஷ் ஃப்ரேம் தயாரிப்பாளர்கள் பரவலாகப் போட ஆரம்பித்தது 1950-களில். லக்குகள் வளைந்து நெளியும் நெர்வெக்ஸ் புரொஃபெஷனல். பிரான்ஸில் அச்சில் அழுத்திச் செய்த இவையும் 50, 60-களின் பிரிட்டிஷ் ஃப்ரேம்களில் நிறையப் பார்க்கலாம். இரண்டு காடிகளுக்கும் இடையே 110 மி.மீ. இது பழைய அளவு, பிற்காலத்தில் 120 ஆனது. எல்லாவற்றையும் சேர்த்தால் 1950-களின் நடுவிலிருந்து 60-களின் தொடக்கம்வரை. கிராங்க் சொன்ன வருடமும் இதற்குள்ளேயே விழுகிறது.

போட்டோவில் சீட்டுக்குக் கீழே இருந்த லக் நீண்டு, ஈட்டி முனை மாதிரி இருந்தது. இதில் நெளி வேலைப்பாடு. ஃப்ரேம் 1948 இல்லை.

அம்மா சொன்னதுதான் சரி என்று எழுதி முடித்திருப்பேன். வாங்க வந்தவரின் 1948 கதையும் அதோடு முடிந்தது. ஆனால் ஃபோர்க்கைக் கழற்றவில்லையே என்று ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

எத்தனை கோட் பெயின்ட்?

பெயின்ட் வயதைச் சொல்லாது என்று மேலே எழுதினேன். அது மேல் கோட்டுக்கு மட்டும்தான். அடிக் கோட்டுகள் நிறையப் பேசும்.

ஃப்ரேம் எண் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் இருந்தது. பெயின்ட் நிரம்பிப் படிக்க முடியவில்லை. மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தேன், கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற மாதிரி. நான்கு இலக்கம் வந்தது. எண்ணை அச்சடித்த பட்டறையின் பேரேடு கிடைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஊருக்கு ஊர் சின்னப் பட்டறைகள் இருந்த காலம் அது. அதே லக், அதே குழாய், அதே காடியை வாங்கி எல்லோரும் செய்தார்கள். பழைய சைக்கிள் ஆர்வலர் சங்கத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் பதிவு பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். கிளாட் பட்லர் பதிவு வைத்திருந்தவர், எண்ணின் வடிவம் அவர்களுடையது மாதிரி இல்லை என்று பதில் எழுதினார்.

ஃபோர்க்கைக் கழற்றியதும் முதல் ஆச்சரியம். ஃபோர்க்கின் மேல்தண்டிலும் ஓர் எண் இருந்தது, ஆனால் வேறு எண். ஃப்ரேமையும் ஃபோர்க்கையும் ஜோடியாகச் செய்தால் பட்டறைகள் வழக்கமாக இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் அடிக்கும். இவை இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல.

இரண்டாவது, முன்னச்சு உட்காரும் காடி. பழைய பிரிட்டிஷ் முன்னச்சு 5/16 அங்குலம், சுமார் 8 மி.மீ. இத்தாலிய பாணி ஹப்பின் அச்சு 9 மி.மீ. இந்த ஃபோர்க்கின் காடியை யாரோ கையால் அரம் போட்டு ராவிப் பெரிதாக்கியிருந்தார்கள். அரத்தின் கோடுகள் பெயின்டுக்கு அடியிலேயே தெரிந்தன. அதாவது பழைய அச்சுக்காகச் செய்த ஃபோர்க், பிற்பாடு புதுச் சக்கரத்துக்காக மாற்றப்பட்டிருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஹெட்செட் கப் மூடியிருந்த இடத்தின் ஓரத்தில், ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, நீர்த்தாளால் ஒரு சின்ன வட்டம் தேய்த்தேன். மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிற மாதிரி கோட்டுகள் வரிசையாக வரும். ஃப்ரேமில் மேலே சிவப்பு, அதற்குக் கீழ் நீலம், பிறகு பிரைமர், எஃகு. ஃபோர்க்கில் மேலே சிவப்பு, கீழே நீலம், அதற்கும் கீழே ஒரு கரும்பச்சை, பிறகு பிரைமர், எஃகு.

ஃபோர்க்குக்கு ஒரு கோட் அதிகம். நீல ஃப்ரேமோடு சேர்வதற்கு முன்னால் அது வேறு ஒரு பச்சை சைக்கிளில் இருந்திருக்கிறது.

போட்டோவை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். ஃபோர்க்கின் தோள்பட்டை, இரண்டு தட்டையான தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்த பழைய வகை. தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் பின்னால் இருக்கும் வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரியும். போட்டோவில் அந்தக் கீற்று இருந்தது. என் கையில் இருந்த ஃபோர்க்கிலும் இருந்தது. நெர்வெக்ஸ் லக் போட்ட ஒரு 50-களின் ஃப்ரேமுக்கு அப்படி ஒரு பழைய தோள்பட்டையை யாரும் தேடிப் போடமாட்டார்கள், பழைய ஃபோர்க்கைத் தூக்கிப்போட மனசில்லாதவரைத் தவிர.

தீர்ப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஃப்ரேம்: பிரிட்டனில் செய்தது, மெல்லிய உயர்தரக் குழாய், 1950-களின் நடுவிலிருந்து 60-களின் தொடக்கம். செய்த பட்டறையின் பெயர் இடத்தில் வெறும் கோடு. கிளாட் பட்லர் என்ற எழுத்து கடைசிப் பெயின்டோடு வந்தது, அதை வைத்து விற்கக் கூடாது. ஃபோர்க்: ஃப்ரேமைவிடப் பழையது, முன்பு கரும்பச்சை, போட்டோவில் இருப்பதோடு தோள்பட்டை பொருந்துகிறது. கிராங்க்: 50-களின் பிற்பகுதி. பெயின்ட்: மூன்றாம் முறை.

போட்டோவில் இருப்பது இதே ஃபோர்க்தான் என்று நூறு சதவீதம் நிரூபிக்க முடியாது, அந்த வகை ஃபோர்க் வேறு ஆட்களிடமும் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"பச்சைன்னா, கரும்பச்சையா?"

ஆமாம் என்றேன். அவர் பிறப்பதற்கு முன்னால் அப்பாவிடம் பச்சை சைக்கிள் ஒன்று இருந்ததாகவும், அதில்தான் தன்னைப் பார்க்க வருவார் என்றும் அம்மா சொன்னதுண்டாம். பெயின்டைச் சுரண்டும்வரை பச்சை என்ற வார்த்தையை எங்கள் இருவரில் யாரும் பேசியிருக்கவில்லை. அதனால்தான் இந்தச் சாட்சிக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

அப்பா சொன்னதிலும் உண்மை இருந்தது, அம்மா சொன்னதிலும் இருந்தது. ஃப்ரேம் மாறினாலும் ஃபோர்க் கூடவே வந்ததால், அவரைப் பொறுத்தவரை அது அதே சைக்கிள். "இந்த சைக்கிள் எந்த வருஷம்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் எதிர்பார்த்ததுதான் தப்பு. கோயிலை எந்த நூற்றாண்டு என்று கேட்கும்போதும் இதே தப்பைத்தான் செய்கிறோம். கருவறை ஒரு காலம், மண்டபம் ஒரு காலம், மேலே அடித்த சுண்ணாம்பு போன வருடம். எந்தப் பாகம் எந்தக் காலம் என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

பேரனுக்கு அதைச் சாலையில் ஓட்ட ஆசை. பிரிட்டிஷ் சட்டப்படி பெடலோடு சுற்றும் பின்சக்கரம் ஒரு பிரேக்காகக் கணக்காகும், ஆனாலும் முன்சக்கரத்துக்குப் பிரேக் கட்டாயம். அதற்காக ஃபோர்க்கில் துளை போடலாமா என்று கேட்டான். ஃபோர்க்கில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லி, துளை போடாமல் மாட்டும் பழைய கிளிப் பிரேக் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். தாத்தா போட்டதும் அதே வகைதான். சிவப்புப் பெயின்டையும் சுரண்ட வேண்டாம் என்றேன். அதுவும் அவர் அடித்ததுதானே.

நான் ஊருக்குக் கிளம்புகிற வாரம் அவன் அதை ஹெர்ன் ஹில்லுக்கு ஓட்டிக்கொண்டு போனான். வாசலில் பிரேக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனானாம்.